கயாக் தூண்டில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கயாக்கில் மீன்பிடிக்கப் புதிதாக இறங்கியவர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இரண்டே கேள்விகளைக் கேட்டிருந்தன: மீன் இருக்கும் இடத்தை எப்படி அறிவது, அங்கே போய்ப் பத்திரமாகத் திரும்புவது எப்படி. அவற்றுள் ஐந்து கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பத்தடி நீளமுள்ள, மேலே அமர்ந்து துடுப்புப் போடும் வகைக் கயாக் ஒன்றை ஆறு மாதங்களுக்கு முன் வாங்கினேன். முட்டுக்காடு உப்பங்கழியில் பதினைந்து முறையாவது இறங்கியிருப்பேன். இரண்டு சிறிய கெளுத்திகளைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. அனுபவம் உள்ளவர்கள் கொடுவா பிடித்த படங்களைக் காட்டுகிறார்கள். இடத்தை மட்டும் சொல்ல மறுக்கிறார்கள். நல்ல இடங்களை அறிந்துகொள்ள என்ன வழி?
— கேளம்பாக்கத்திலிருந்து ஒரு வாசகர்

அவர்கள் மறுப்பது உங்களுக்கு வருத்தம் தந்திருக்கும். ஆனால் இடத்தைச் சொல்லியிருந்தாலும் அதனால் பெரிய பயன் விளைந்திருக்காது என்பதே என் கருத்து. கழியில் மீன் கிடைக்கும் இடம் என்பது வரைபடத்தில் குத்திய புள்ளி அன்று. காலை ஆறு மணிக்கு, நீர் வற்றத் தொடங்கிய வேளையில், ஓடை வாயின் வடபுறத்தில் கொடுவா நிற்கும். அதே ஓடை வாயில் பத்து மணிக்கு ஒரு மடவைக் குஞ்சுகூட இருக்காது. இடத்தோடு வேளையையும் ஓட்டத்தையும் சேர்த்துக் கற்றவருக்கே அந்த இடம் பயன்படும்.

கொடுவா துரத்தித் திரிந்து இரை தேடுவதைவிட மறைந்திருந்து பாய்வதையே விரும்பும் மீன். நீரோட்டம் மடவைக் குஞ்சையும் இறாலையும் கொண்டுவரும் பாதையின் ஓரத்தில், ஓட்டத்தின் வேகம் தன்மேல் படாத மறைவில் அது நிற்கும். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு கழியைப் பாருங்கள். பாலத்தூணின் பின்புறம் நீர் சுழலும் இடம், சிற்றோடை ஒன்று பெரிய கழியோடு சேரும் வாய், வளைவின் வெளிக்கரையில் அரிக்கப்பட்ட ஆழம், ஆழமற்ற சேற்றுத்திட்டு சட்டென்று சரியும் விளிம்பு ஆகியவையே நீங்கள் தேட வேண்டியவை. ஓட்டம் திசை மாறும்போது தூணின் பின்புறமும் மாறிவிடுகிறது. ஏற்றத்தில், அதாவது கடல்நீர் கழிக்குள் ஏறும்போது, மேற்கே நின்ற மீன், அது வடியும் வற்றத்தில் கிழக்கே நிற்கும்.

இனி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அமாவாசையை அல்லது பௌர்ணமியை ஒட்டிய ஒரு நாளில், நீர் மிகவும் வற்றியிருக்கும் வேளையில், தூண்டில் இல்லாமல் போங்கள். இது பலருக்குக் கசப்பான யோசனை. ஆனால் இதைப்போல் பயன் தருவது வேறொன்றும் இல்லை. ஏற்றத்தின்போது ஒரே தகடாகத் தெரியும் கழி, வற்றத்தின்போது தன் எலும்புகளைக் காட்டும். எங்கே திட்டு எழுகிறது, எங்கே நீர் தேங்கி நிற்கிறது, ஆளி என்னும் சிப்பி ஒட்டிய கற்கள் எங்கே கிடக்கின்றன, கடைசிவரை ஓடிக்கொண்டிருக்கும் வாய்க்கால் எது என்பதையெல்லாம் கரையில் நடந்தபடி ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். நீருக்குள் இறங்கி நடக்க நேர்ந்தால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நகர்த்துங்கள். சேற்றில் புதைந்திருக்கும் திருக்கை அந்த அதிர்வில் விலகிவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு அதே இடத்தின் செயற்கைக்கோள் படங்களை வெவ்வேறு ஆண்டுகளுக்கு எடுத்துப் பாருங்கள். எல்லா ஆண்டுகளிலும் கருமையாக இருக்கும் கோடு நிலையான ஆழம். ஓர் ஆண்டில் கருமையாகவும் மறு ஆண்டில் வெளிறியும் இருப்பது இடம்பெயரும் மணல். முட்டுக்காட்டின் முகத்துவாரம் இப்படி இடம்பெயர்வது, சில மாதங்களில் மணல் மூடிக் குறுகுவது, வடகிழக்குப் பருவமழையில் மீண்டும் விரிவது. பள்ளிக்கரணைச் சதுப்பின் உபரி நீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி இந்த வாய் வழியாகத்தான் கடலை அடைகிறது. ஆகவே மழை மாதங்களில் முகத்துவாரத்தின் ஓட்டத்தைப் புதியவர் அணுகவே கூடாது. அந்த மாதங்களில் நீரின் நிறமும் உப்பும் மாறுவதால் மீனும் இடம் மாறும். முட்டையிடும் பருவத்துக் கொடுவா உப்பு மிகுந்த வாய்ப்பகுதியை நோக்கி நகர்வது இயல்பு.

ஆழம் அறியக் கருவி வேண்டியதில்லை. முந்நூறு கிராம் ஈயக்குண்டு ஒன்றை, அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு இட்ட கயிற்றில் கட்டுங்கள். குண்டின் அடியில் குழி செய்து சோப்பை அப்பிவிட்டால், தரையில் தட்டும்போது மணலோ சேறோ சிப்பித் துண்டோ ஒட்டிக்கொண்டு மேலே வரும். கடலோடிகள் ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்வார்கள். ஒரு பாகம் என்பது இரு கைகளையும் விரித்த அளவு, ஏறத்தாழ 1.8 மீட்டர். அவர்களோடு பேசும்போது அந்தக் கணக்கு உங்களுக்கு உதவும்.

பதினைந்து முறை பதினைந்து இடங்களுக்குப் போனீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படித்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன், ஏனெனில் நானும் முதல் ஆண்டில் அதையே செய்தேன். அடுத்த மூன்று மாதங்களுக்கு ஒரு கிலோமீட்டர் நீளத்தை மட்டும் தேர்ந்துகொண்டு வேறெங்கும் போகாதீர்கள். ஒவ்வொரு முறையும் தேதி, திதி, இறங்கிய நேரம், நீர் ஏறியதா வற்றியதா, காற்றின் திசை, நீரின் நிறம், மீன் கடித்த இடம், கடிக்காத இடம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். மீன் கிடைக்காத நாளின் குறிப்பையும் விடாமல் எழுத வேண்டும். எந்த நிலையில் அந்த ஓடை வாய் வெறுமையாக இருக்கிறது என்பதை அது சொல்லும்.

உள்ளூர் மீனவர்களிடம் கேளுங்கள். ஆனால் மீன் எங்கே என்று கேட்காதீர்கள். அவர்களுக்கு அது பிழைப்பு. எந்தப் பக்கம் கல் இருக்கிறது, எந்த வாயில் ஓட்டம் மோசம், வலை எங்கெங்கே போட்டிருக்கிறார்கள் என்று கேட்டால் மனம் திறந்து சொல்வார்கள், ஏனெனில் அது உங்கள் உயிரையும் அவர்கள் வலையையும் காக்கும் செய்தி. இயன்றால் ஒரு நாள் கூலி கொடுத்து ஒரு பெரியவரை அவருடைய படகில் உங்களுக்குக் கழியைக் காட்டச் சொல்லுங்கள். அவர் காட்டிய இடத்தை வேறொருவருக்குச் சொல்லாமல் இருப்பதும் அந்தக் கூலியில் சேர்ந்ததே. சுற்றுலாப் படகுகள் ஓடும் பகுதியை விட்டு விலகியே இருங்கள். புதிய கரையில் இறங்கும் முன் ஊர்ப் பஞ்சாயத்திடமும் மீன்வளத் துறை அலுவலகத்திலும் கேட்டுக்கொள்வது முறை.

கொடுவாவைப் பற்றி ஒரு சொல். அது முதலில் ஆணாக வளர்ந்து, பெரிதான பிறகு பெண்ணாக மாறும் மீன். பெரிய கொடுவா பெரும்பாலும் முட்டை சுமக்கும் தாய். இந்தியாவில் முதன்முதலாக 1997-இல் கொடுவாவை அடைப்பில் வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்த மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு நிலையமும் இதே முட்டுக்காட்டில்தான் இருக்கிறது. அந்தக் கழியில் ஒரு பெரிய மீன் உங்களுக்குக் கிடைக்கும் நாளில் அதைத் திரும்ப நீரில் விட்டுவிடுவீர்கள் என்று நம்புகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஓரிடத்தில் மூன்று செப்பிலி கிடைத்தன. அடுத்த ஞாயிறு அதே நேரம், அதே இடம், அதே இரை. ஒரு கடிகூட இல்லை. எங்கே தவறினேன்?
— நீலாங்கரையிலிருந்து ஒரு வாசகர்

தவறு உங்களுடையது அன்று. கடிகாரத்தை நம்பியதுதான் காரணம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் ஆவதால், ஏற்ற நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏழு நாளில் அது ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகச் சேர்ந்துவிடுகிறது. முதல் ஞாயிறு ஏழு மணிக்கு நீர் நிறைந்து நின்றிருந்தால், அடுத்த ஞாயிறு அதே ஏழு மணிக்கு அது வற்றிக் கிடக்கும். அதுமட்டுமன்று, முதல் ஞாயிறு அமாவாசையை ஒட்டி வந்திருந்தால், அடுத்தது அட்டமியை ஒட்டி வரும், அப்போது ஓட்டத்தின் வலுவே குறைந்திருக்கும்.

வாரக் கடைசியில் மட்டும் போகக்கூடியவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஏறக்குறைய அதே நிலை திரும்பி வரும். நேரம் மட்டும் முக்கால் மணி முன்னதாக இருக்கும். ஆகவே ஒன்று விட்ட ஞாயிற்றுக்கிழமைகளை ஒப்பிடுங்கள்; அடுத்தடுத்த ஞாயிறுகளை ஒப்பிடாதீர்கள்.

அச்சிட்ட ஏற்ற வற்ற அட்டவணையில் இருக்கும் நேரம் சென்னைத் துறைமுகத்துக்கு உரியது. கழிக்குள் ஏற்றம் அதற்குப் பிந்தித்தான் வரும், முகத்துவாரம் குறுகிய மாதங்களில் இன்னும் பிந்தும். எவ்வளவு பிந்துகிறது என்பதை நீங்களே அளந்துகொள்ளலாம். நீங்கள் இறங்கும் துறையில் கோடிட்ட ஒரு குச்சியை நட்டுவைத்து, நீர் ஏறுவது நின்று இறங்கத் தொடங்கும் நேரத்தை நான்கைந்து முறை குறித்தால் போதும். சென்னைக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வேறுபாடு அமாவாசை நாட்களில்கூட ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் என்பதால் சிலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் முழங்கால் ஆழக் கழியில் ஒரு மீட்டர் என்பது எல்லாமே.

கழியில் ஓராண்டு பழகிவிட்டேன். இனி கோவளத்தில் கடலில் இறங்கலாம் என்று இருக்கிறேன். காலையில் கடல் குளம்போல் இருக்கும் நாளாகப் பார்த்து இறங்கினால் போதுமா?
— திருப்போரூரிலிருந்து ஒரு வாசகர்

போதாது. உங்கள் கடிதத்தில் என்னை அச்சப்படுத்திய சொற்றொடர் அந்தக் ‘குளம்போல்’ என்பதுதான்.

ஆனி, ஆடி மாதங்களில் நம் கரையில் காலைக் காற்று மேற்கிலிருந்து, அதாவது தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். தரைக்காற்று கரையோரத்தில் அலையை எழுப்புவதில்லை. கரையில் நின்று பார்ப்பவருக்குக் கடல் பளிங்காகத் தெரியும். முந்நூறு மீட்டர் தாண்டியதும் முதுகில் காற்று பிடித்துத் தள்ளும். துடுப்புப் போடாமலே கயாக் ஓடுவது இன்பமாகவும் இருக்கும். திரும்பும்போதுதான் செய்தி தெரியும். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதக் காலையில் இப்படி வெளியே போன நான், திரும்ப ஒன்றரை மணி நேரம் துடுப்புப் போட்டும் கரையை நெருங்க முடியாமல் கை ஓய்ந்து உட்கார்ந்தேன். வலை இழுத்துத் திரும்பிய ஒரு ஃபைபர் படகுக்காரர்கள் என்னைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். கரை சேரும்வரை அவர்கள் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. கரையில் இறங்கிய பிறகு அவர்களுள் மூத்தவர், “காத்து எங்கேயிருந்து வருதுன்னு பாக்காம கடல்ல கால வைக்கலாமா தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

கணக்கைப் பாருங்கள். பழகிய ஒருவர் கயாக்கில் நிதானமாகப் போகும் வேகம் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் அளவில்தான் இருக்கும். மூன்று கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் நீரோட்டத்தோடு போனால் ஒரு கிலோமீட்டரை ஏழரை நிமிடத்தில் கடப்பீர்கள். அதே ஒரு கிலோமீட்டரைத் திரும்பிக் கடக்க அரை மணி நேரம் ஆகும். காற்றும் எதிர்த்தால் அந்த அரை மணியும் போதாது. ஆகவே போகும்போது எதிர்ப்பையும் திரும்பும்போது துணையையும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து நிமிடம் துடுப்பை நிறுத்தி, கயாக் எந்தப் பக்கம் தள்ளப்படுகிறது என்று கரையில் ஒரு பொருளை வைத்துக் கவனித்துவிட்டு, அந்தத் திசைக்கு எதிராகப் புறப்படுங்கள்.

சென்னைக் கரை மீனவர்கள் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரைத் தெண்டி என்றும் வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை வன்னி என்றும் பெயரிட்டு வழங்குகிறார்கள். இன்று தெண்டியா வன்னியா என்று கரையில் ஒருவரைக் கேட்டுவிட்டு இறங்குவது எந்தச் செயலியையும்விட நம்பகமானது. செயலிகளையும் பாருங்கள், ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் அலை, காற்று, நீரோட்ட முன்னறிவிப்புகளை நாள்தோறும் வெளியிடுகிறது. உள்ளூரில் காற்றே இல்லாத நாளில், தொலைவிலிருந்து வரும் பேரலை கரையில் ஏறும் கள்ளக்கடல் எச்சரிக்கையும் அங்கிருந்தே வருகிறது.

முதல் கடல் பயணத்துக்கு மாசி, பங்குனி மாதங்களைத் தேர்ந்தெடுங்கள். வாடை ஓய்ந்து, மேற்குக் காற்று இன்னும் எழாத இடைக்காலம் அது. அதற்கு முன், இடுப்பளவு நீரில் கயாக்கை வேண்டுமென்றே கவிழ்த்து, மறுபடி நிமிர்த்தி ஏறும் பயிற்சியை இருபது முறையாவது செய்துவிடுங்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கயாக்கில் வைத்திருப்பது அணிந்திருப்பதாகாது.

தூத்துக்குடிக் கரையில் கயாக்கில் போகிறேன். கைபேசியின் ஜி.பி.எஸ்ஸில் ஒரு பார் (கடலடிப் பாறைத்திட்டு) இருக்கும் இடத்தைக் குறித்து வைத்திருந்தேன். கைபேசி நீரில் போயிற்று, இடமும் போயிற்று. கருவி இல்லாமல் இடத்தைக் குறித்து வைக்க முடியுமா? தீவுகளுக்கு அருகே போகலாமா?
— தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகர்

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: போகக் கூடாது. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற கடலும் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. உங்கள் கரைக்கு எதிரே உள்ள வான் தீவு, காசுவார், விலங்குசல்லி, காரியசல்லி நான்கும் அதில் அடங்கும். விலங்குசல்லி ஏற்கெனவே நீரில் மூழ்கிவிட்டது. வான் தீவு அரிப்பால் சுருங்கி, செயற்கைப் பாறைகளை இறக்கிக் காக்கப்பட்டு வருகிறது. அங்கே உயிரோடு இருக்கும் பவளத்தின்மேல் ஒரு நங்கூரம் விழுந்தால் ஏற்படும் சேதம் நம் ஆயுளில் ஆறாது.

முதல் கேள்விக்கு வருகிறேன். கருவி வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே கடலோடிகள் பார்களுக்குப் பெயரிட்டு, மறுபடி மறுபடி அதே இடத்துக்குப் போய் வந்தார்கள். முறை எளியது. கரையில் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும் இரண்டு பொருட்களைப் பாருங்கள். முன்னே ஒரு கோயில் கோபுரம், வெகு பின்னே ஓர் ஆலைப் புகைபோக்கி என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே நேர்கோட்டில் தெரியும்வரை நகர்ந்தால், நீங்கள் ஒரு கோட்டின்மேல் இருக்கிறீர்கள். இப்போது பக்கவாட்டில், முதல் கோட்டுக்கு ஏறத்தாழ நேர்குறுக்காக, இன்னொரு இணையைத் தேடுங்கள். இரண்டு இணைகளும் ஒரே நேரத்தில் பொருந்தும் இடம் கடலில் ஒன்றே ஒன்றுதான். முன்பொருளுக்கும் பின்பொருளுக்கும் இடையே தொலைவு அதிகமாக இருந்தால், சில மீட்டர் நகர்ந்தாலே கோடு பிரிவது கண்ணுக்குத் தெரியும். அருகருகே உள்ள இரண்டு பொருட்களைத் தேர்ந்தால் துல்லியம் போய்விடும்.

எதைத் தேர்வது என்பதில் புதியவர்கள் ஒரு பிழை செய்கிறார்கள். நிறத்தை நம்புகிறார்கள். கிழக்குக் கரையில் காலை வெயில் கரைமேல் படும்போது நீல வீடும் சிவப்புக் கூரையும் அழகாகத் தெரியும். பிற்பகலில் கதிரவன் கரைக்குப் பின்னால் போனதும் அவை எல்லாம் ஒரே கறுப்பு நிழலாகிவிடும். ஆகவே நிறத்தைவிட உருவத்தால் அடையாளம் தரும் பொருளைத் தேர்ந்தெடுங்கள்: கோபுரம், தேவாலயக் கூம்பு, பள்ளிவாசல் மினாரா, கலங்கரை விளக்கம். தென்னை மரங்களை ஒருபோதும் நம்பாதீர்கள். குறித்த அடையாளங்களை அன்றே ஒரு தாளில் படமாக வரைந்து வையுங்கள். நினைவில் இருக்கும் என்று விட்ட அடையாளம் அடுத்த வாரமே குழம்பிவிடும்.

இதே முறை வீடு திரும்பவும் உதவும். நீங்கள் இறங்கும் துறைக்கு நேராக இரண்டு பொருட்களை இணைத்து வைத்துக்கொண்டால், அந்தக் கோடு பிரியாதபடி வருவதே வழி. முன்பொருள் வலப்பக்கம் விலகினால் நீங்கள் இடப்பக்கம் தள்ளப்படுகிறீர்கள் என்று பொருள். பனியோ மழையோ கரையை மறைக்கும் நாளுக்கு ஒரு சிறிய திசைகாட்டி கழுத்தில் தொங்கட்டும். தூத்துக்குடியில் மேற்கே போனால் கரை என்ற ஓர் அறிவே அப்போது உயிரைக் காக்கும்.

தொலைவை அளக்கவும் ஒரு வழி இருக்கிறது. கயாக்கில் அமர்ந்திருப்பவரின் கண் நீர்மட்டத்திலிருந்து எண்பது, தொண்ணூறு சென்டிமீட்டர் உயரத்தில்தான் இருக்கும். அந்த உயரத்திலிருந்து தொடுவானம் மூன்று கிலோமீட்டரைச் சற்றே தாண்டிய தொலைவில் இருக்கிறது. ஆகவே கட்டடங்கள் தெரிந்து, அவற்றின் கீழே இருக்கும் மணற்கரை மட்டும் மறைந்துவிட்டது என்றால், மூன்று கிலோமீட்டரைக் கடந்துவிட்டீர்கள். முதல் ஆண்டில் கரையில் நடக்கும் மனிதர்களின் கால் தெரியாத தொலைவுக்குப் போகாமல் இருப்பது நல்லது.

ஜி.பி.எஸ்ஸை விட்டுவிடச் சொல்லவில்லை. நீர்புகாத உறையில் இட்டு, கயிற்றால் உடம்போடு கட்டிக்கொள்ளுங்கள். இடக்குறிப்பை வீட்டில் ஒரு தாளிலும் எழுதி வையுங்கள்.

என் மகன் கயாக்கில் தனியாக மீன்பிடிக்கப் போகிறான். எனக்குக் கடலைப் பற்றி எதுவும் தெரியாது. வீட்டில் இருக்கும் நான் என்ன தெரிந்து வைத்திருக்க வேண்டும்?
— நாகப்பட்டினத்திலிருந்து ஒரு தாய்

அம்மா, அவர் புறப்படும் முன் நான்கு செய்திகளை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: எந்தத் துறையில் இறங்குகிறார், எந்தப் பக்கமாகப் போகிறார், கயாக்கும் சட்டையும் என்ன நிறம், எத்தனை மணிக்குள் கரையில் இருப்பார். திரும்பியதும் முதல் வேலையாக உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று உறுதி வாங்குங்கள். ஊதல் ஒன்று லைஃப் ஜாக்கெட்டில் கட்டப்பட்டிருக்கிறதா என்பதை நீங்களே கையால் தொட்டுப் பாருங்கள்.

சொன்ன நேரம் தாண்டி ஒரு மணி நேரம் ஆகியும் செய்தி இல்லையென்றால், இன்னும் சற்றுப் பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள். முதலில் அவர் இறங்கிய துறையில் இருக்கும் மீனவர்களுக்குச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர்கள் படகுதான் முதலில் போய்ச் சேரும். அதே வேளையில் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்ணையும் இந்தியக் கடலோரக் காவல் படையின் 1554 எண்ணையும் அழைத்து, எழுதி வாங்கிய அந்தத் தாளை அப்படியே படித்துக் காட்டுங்கள்.